கேள்வியில் தெரியும் பிள்ளை: மழலைப் பருவத்தில் மீத்திறனை அறிதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிறந்தது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையிடம் மீத்திறனின் அடையாளங்களை எப்படிக் கண்டுகொள்வது என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அடையாளங்கள் உண்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன்பே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சிறு குழந்தையின் மீத்திறன் அது ஒப்பிப்பதில் தெரிவதைவிட, அது கேட்பதில் அதிகம் தெரிகிறது. அந்தத் திறனைக் கண்டுகொள்வதற்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும்: அந்தக் குழந்தைக்கு வேண்டியதைக் கொடுப்பது. பசிக்கிற பிள்ளைக்குச் சோறு போடுகிறோம். ஊரைக் கூட்டி அதன் பசியைக் காட்டுவதில்லை. அறிவுப்பசிக்கும் அதுவே நியாயம்.

கும்பகோணத்துக் குழந்தை

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த ஓர் ஆண்குழந்தை மூன்று வயது வரை சரியாகப் பேசவில்லை. ஊமையாகிவிடுமோ என்று தாய் கோமளத்தம்மாள் கலங்கினார். பின்னர் காஞ்சிபுரத்தில் இருந்தபோது அந்தத் தாத்தா அவன் கையைப் பிடித்து, பரப்பிய அரிசியில் தமிழ் எழுத்துகளை எழுதவைத்தார். பிறகு பேச்சு வந்தது. வீட்டிலிருந்த பித்தளை, செம்புப் பாத்திரங்களை எடுத்து ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை வரிசையாக வைப்பான். விரும்பிய உணவு கிடைக்காவிட்டால் மண்ணில் விழுந்து புரளுவான். சென்னையில் இருந்த நாட்களில் பள்ளிக்கூடமே பிடிக்காமல், ஒரு போலீஸ்காரரைக் கொண்டு மிரட்டி அவனை அனுப்ப வேண்டியிருந்தது. உலகத்தில் முதல் மனிதன் யார், மேகத்துக்கும் மேகத்துக்கும் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பான். கணிதமேதை ராமானுஜனைப் பற்றி ராபர்ட் கனிகல் 1991-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்திகள் உள்ளன.

இந்தக் குழந்தையை இன்று எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அழைத்துப் போயிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? பேச்சுத் தாமதம், பிடிவாதம், பள்ளியில் ஒட்டவில்லை. மூன்றும் உண்மைதான். ஆனால் பாத்திரங்களின் வரிசையையும் மேகங்களின் தூரத்தையும் எழுதிவைக்க அந்தப் படிவத்தில் இடமே இருந்திருக்காது.

1897-இல் தொடக்கக் கல்வித் தேர்வில் தஞ்சை மாவட்டத்தில் முதலிடம் பெற்ற அந்தப் பையன், கல்லூரிக்குப் போனதும் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதும் வரை அவர் பட்ட அலைச்சல் நாம் அறிந்ததே. கண்டுகொள்ளும் கண் ஒருவருக்காவது வாய்ப்பதற்குள் எத்தனை ஆண்டுகள் போயின என்பதுதான் அந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

பேசத் தாமதமாகும் குழந்தைகள் எல்லோரும் ராமானுஜன் ஆவார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பேச்சு தாமதமானால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், செவித்திறனைச் சோதியுங்கள். அந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அதே சமயம், பேச்சு வரவில்லை என்பதால் அறிவு இல்லை என்றும் எழுதிவிடக் கூடாது.

அளவுகோல்களின் எல்லை

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துட்டா தெரிஞ்சிடாதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தச் சோதனையின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோன் ஆகிய இருவரும் முதல் நுண்ணறிவு அளவையை உருவாக்கினார்கள். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறியவே அதைச் செய்தார்கள். குழந்தையின் அறிவு பிறவியிலேயே அளந்து முடிக்கப்பட்டது என்ற எண்ணத்தை பினே ஏற்கவில்லை. பயிற்சியால் அது வளரும் என்றே நம்பினார். அந்த அளவையை அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றி 1916-இல் வெளியிட்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன். 1921-இல் அவர் கலிஃபோர்னியாவில் 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளை அந்தச் சோதனையால் தேர்ந்து, அவர்கள் முதியவர்களாகும் வரை பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அவர்களில் பலர் நல்ல நிலைக்கு வந்தார்கள். ஆனால் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ் என்ற இரண்டு சிறுவர்கள் சோதிக்கப்பட்டும் தேர்ச்சிக் கோட்டைத் தொடாததால் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இயற்பியலுக்கான நோபல் பரிசு 1956-இல் ஷாக்லிக்கும் 1968-இல் ஆல்வரெஸுக்கும் கிடைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் அந்தப் பரிசு கிடைக்கவில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகளிடமே இவ்வளவு தவறு நேரும் என்றால், கைக்குழந்தைகளிடம்? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1928-இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வில் நான்சி பெய்லி பிறந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் சோதித்துவந்தார். முதல் ஓராண்டில் குழந்தை பெறும் மதிப்பெண்ணுக்கும், பள்ளி வயதில் அதே குழந்தை பெறும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்று அவர் காட்டினார். வளர வளரத்தான் மதிப்பெண் நிலைப்படுகிறது. ஆகவே மூன்று வயதுக் குழந்தைக்கு ஓர் எண்ணைச் சூட்டி அதை வாழ்நாள் அடையாளமாக்குவது அறிவியலுக்கே பொருந்தாது. வளர்ச்சியில் ஐயம் இருந்தாலோ, பள்ளியில் சிக்கல் வந்தாலோ, தகுதியுள்ள உளவியலாளரிடம் சோதிப்பதில் பயன் உண்டு. மற்ற வீடுகளுக்கு வேண்டியது கவனித்துப் பார்க்கும் பெரியவர் ஒருவர்.

எதைக் கவனிப்பது

கைக்குழந்தையிலிருந்து தொடங்குகிறேன். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தைக்குச் சலித்துவிடும், பார்வையைத் திருப்பிக்கொள்ளும். புதிய படம் வந்தால் மறுபடி உற்றுப் பார்க்கும். பழையதை விரைவில் அடையாளம் கண்டு புதியதை நாடும் குழந்தைகள் பின்னாளில் நுண்ணறிவுச் சோதனைகளில் ஓரளவு உயர்ந்து நிற்பதை ஜோசப் ஃபேகன் முதலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஓரளவு என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். கிலுகிலுப்பையை வீசி எறிந்துவிட்டுச் சாவிக்கொத்தைக் கேட்கும் குழந்தையை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அது எதை விடுகிறது, எதை நாடுகிறது என்று பார்க்கத் தொடங்கினால் போதும்.

அடுத்தது மொழி. சீக்கிரம் பேசுவதை எல்லோரும் கவனிக்கிறோம்; சீக்கிரம் புரிந்துகொள்வதைக் கவனிப்பவர்கள் குறைவு. "நீலக் கிண்ணத்துக்குப் பின்னாடி இருக்கிற சின்னக் கரண்டியை எடுத்து அப்பத்தாகிட்ட குடு" என்று சொன்னதும், இரண்டு வயது நிறையாத குழந்தை தடுமாறாமல் அதைச் செய்தால், ஒரு சொல்கூடப் பேசாவிட்டாலும், அது பெரிய செய்தி. பேசத் தொடங்கிய பிறகு சொற்களின் எண்ணிக்கையைவிட வாக்கியத்தின் கட்டமைப்பைக் கேளுங்கள். "மழை வந்தாலும் போவோமா?", "நேத்து வேற மாதிரி சொன்னியே, ஏன்?", "ஒருவேளை அவங்க வரலைன்னா?" என்று நிபந்தனையும் முரணும் ஊகமும் மூன்று வயதுக்கு முன்பே பேச்சில் வந்தால், உள்ளே தர்க்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் வீடுகளில் இதைக் கவனிக்க இயல்பான ஓர் இடம் உறவுமுறை. 1924-இல் உளவியலாளர் ழான் பியாஜே குழந்தைகளின் பகுத்தறிதலைப் பற்றி எழுதிய நூலில் சகோதர உறவை வைத்துக் கேள்வி கேட்ட சோதனை உண்டு. உனக்கு அண்ணன் இருக்கிறானா என்றால் சிறு குழந்தை ஆம் என்னும். அண்ணனுக்குத் தம்பி இருக்கிறானா என்றால் இல்லை என்னும். தன்னை அண்ணனின் இடத்திலிருந்து பார்க்க அதற்கு இன்னும் வரவில்லை. பள்ளி வயதில்தான் பெரும்பாலும் அது கைகூடுகிறது. மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று வகை பிரித்து அழைக்கும் நம் வீட்டில், நான்கு வயதுக் குழந்தை தானாகவே "எனக்கு மாமான்னா அம்மாவுக்கு என்ன? அப்பாவுக்கு என்ன?" என்று கேட்டு, விடையைத் தானே சரிபார்க்கிறது என்றால், அந்தக் கேள்வியைக் கடந்துபோய்விடாதீர்கள்.

எண்ணறிவுக்குப் பல்லாங்குழியைப் பாருங்கள். ஒன்று முதல் நூறு வரை சொல்வது பழக்கத்தால் வரும். 14 குழிகளில் எந்தக் குழியின் காய்களை எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும் என்று, கையை நீட்டுவதற்கு முன்பே கண்ணால் ஓட்டிப் பார்க்கும் குழந்தை வேறொன்றைச் செய்கிறது. அது நடக்கப்போவதைக் கணக்கிடுகிறது. சொப்புச் சாமானை அளவு வாரியாக அடுக்குவதும், புளியங்கொட்டையைத் தானே வகுத்த விதிப்படி பிரிப்பதும், நடுவில் விதியை மாற்றிக்கொள்வதும் இந்த வகையைச் சேர்ந்தவை. குழந்தை ஒழுங்காக அடுக்கியதா என்பதைவிட, "ஏன் இப்படி வெச்ச?" என்று கேட்டால் காரணம் சொல்கிறதா என்பது முக்கியம்.

நான்காவது, மூழ்குதல். அமெரிக்க உளவியலாளர் எல்லன் வின்னர் 1996-இல் மீத்திறன் குழந்தைகளைப் பற்றி எழுதிய நூலில் மூன்று இயல்புகளைச் சொன்னார்: வயதுக்கு முந்திய தேர்ச்சி, தனக்கேற்ற வழியில் கற்றல், ஒரு துறையைக் கைவசப்படுத்தாமல் ஓயாத வேகம். மூன்றாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சென்னையில் வைஷாலி என்ற சிறுமியின் தொலைக்காட்சிப் பழக்கத்தைக் குறைக்கப் பெற்றோர் அவரைச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். அக்காவின் பலகையைப் பார்த்துத் தானும் ஆட வந்தவர் தம்பி பிரக்ஞானந்தா. இன்று இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். குழந்தை எதை நாடித் தானே வருகிறது, கலைத்துப் போட்ட பிறகும் எதற்குத் திரும்புகிறது என்பதே பார்க்க வேண்டியது.

ஐந்தாவது, மனத்துக்கும் கைக்கும் இடையிலான இடைவெளி. நான்கு வயதில் ஏழு வயதுக்குரிய எண்ணம் இருக்கலாம். விரல்களுக்கு நான்கு வயதுதான். தலையில் தெளிவாக நிற்கும் ரயில் வண்டி தாளில் கோணலாக வரும்போது அந்தக் குழந்தை தாளைக் கிழிக்கும், அழும். நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம். நியூயார்க்கில் மீத்திறன் குழந்தைகளோடு பல்லாண்டுகள் பணியாற்றிய லீட்டா ஹாலிங்வொர்த், பெரியவரின் அறிவும் குழந்தையின் உணர்ச்சியும் ஒரே சிற்றுடலில் கூடும்போது தோன்றும் துன்பத்தைப் பற்றி எழுதினார். சாவு, அநீதி, பிறர் அழுகை ஆகியவற்றை இந்தக் குழந்தைகள் வயதுக்கு மீறி யோசிப்பதுண்டு. "தாத்தா எங்க போனாரு?" என்ற கேள்விக்கு ஒப்புக்குச் சொன்ன பதிலை வைத்து இரவெல்லாம் தூங்காத குழந்தைக்குத் தேவை அரவணைப்பு. கண்டிப்பு அங்கே உதவாது.

எதை வைத்து முடிவு செய்யக் கூடாது

மேடையேறித் திருக்குறளின் 133 அதிகாரத் தலைப்புகளைச் சொல்லும் குழந்தையைப் பார்த்து நாம் மகிழ்கிறோம். மகிழ வேண்டியதுதான், நினைவாற்றல் நல்ல செல்வம். ஆனால் ஒப்பித்தல் அந்தக் குழந்தையின் நினைவையும், வீட்டார் கொடுத்த உழைப்பையும் மட்டுமே காட்டும். சொன்னதை வைத்துக் குழந்தை என்ன செய்கிறது என்பதே அடுத்த கேள்வி. ஒரு குறளைக் கேட்டுவிட்டு "அப்படின்னா நீ மட்டும் ஏன் பொய் சொன்ன?" என்று அம்மாவைக் கேட்கும் குழந்தை குறளை உள்ளே வாங்கிக்கொண்டது.

மிகச் சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படிப்பதும் தனியாக நின்றால் சான்றாகாது. எழுத்துகளைச் சரளமாகப் படித்தாலும் படித்ததன் பொருள் புரியாத நிலையை ஆய்வாளர்கள் 1967-இல் ஹைப்பர்லெக்சியா என்று பெயரிட்டு விளக்கினார்கள். அது சில குழந்தைகளிடம் ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும். கடைப் பலகைகளையெல்லாம் படிக்கும் இரண்டு வயதுக் குழந்தை நம் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், பெருமைப்பட்டுக்கொண்டே காலம் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரே குழந்தையிடம் மீத்திறனும் ஆட்டிசமும் சேர்ந்திருக்கலாம்; ஒன்று இருப்பதால் மற்றொன்றுக்கு உதவி மறுக்கப்படக் கூடாது.

கண்ணில் படாத பிள்ளைகள்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புரோவர்ட் என்ற மாவட்டம். மீத்திறன் வகுப்புக்கு மாணவர்களைப் பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 2005-இல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்பில் எல்லா மாணவர்களுக்கும் ஒரு முதற்கட்டச் சோதனை வைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளும், கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளும் முன்பைவிடப் பெருமளவு அதிகமாகத் தேர்வானார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். திறன் அங்கே முன்பும் இருந்தது. பரிந்துரைக்க வேண்டியவர்களின் கண்ணில்தான் அது படவில்லை.

நம் ஊருக்கும் இது பொருந்தும். வசதியான வீட்டுப் பையன் எதிர்க்கேள்வி கேட்டால் கெட்டிக்காரன் என்கிறோம். அதே கேள்வியைக் கூலி வேலைக்குப் போகிறவரின் மகள் கேட்டால் வாயாடி, அதிகப்பிரசங்கி என்கிறோம். செங்கல் சூளையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு வரிசைக்கு எத்தனை கல் என்று மனக்கணக்குப் போடும் ஐந்து வயதுப் பெண்குழந்தைக்குப் பள்ளி வாசலே இன்னும் திறக்கவில்லை. காது கேளாத குழந்தை, கண் தெரியாத குழந்தை, வீட்டில் வேறு மொழி பேசும் புலம்பெயர்ந்த தொழிலாளரின் குழந்தை, இவர்களிடம் திறனைத் தேடும் பழக்கமே நம்மிடம் இல்லை.

நம் நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. புணேயில் 1962-இல் ஞான பிரபோதினி தொடங்கியது. 1963-இல் தொடங்கிய அறிவியல் திறனறித் தேர்வு பின்னர் தேசியத் திறனறித் தேர்வாயிற்று. 1980-களின் நடுவில் நவோதயா பள்ளிகள் வந்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் தனித்திறனுள்ள மாணவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் இவை பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்திய பிள்ளைகளைத் தேடும் முயற்சிகள். அதற்குள் எத்தனையோ பிள்ளைகள் கேட்பதையே நிறுத்தியிருப்பார்கள்.

கண்ட பிறகு

ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த ஸ்ரீநிவாஸ் ஆறு வயதில் தந்தையின் மாண்டலினை எடுத்து வாசித்தார். தந்தை அந்த ஆர்வத்தைக் கண்டுகொண்டு, ருத்ரராஜு சுப்பராஜுவிடம் சேர்த்தார். செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவரான சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடினார், பையன் அதைக் கேட்டுக் கருவியில் கொண்டுவந்தான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்று உலகம் போற்றியவர் உருவானது அப்படித்தான். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான் இதை வற்புறுத்திச் சொல்வேன்: குழந்தையின் துறை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள். இல்லாததற்கு ஆள் தேடுங்கள். "எனக்குத் தெரியலை, வா பார்ப்போம்" என்று சொல்லத் தெரிந்த வீடு போதும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1898-இல் நியூயார்க்கில் பிறந்த வில்லியம் ஜேம்ஸ் சிடிஸ் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார். 1910-இல் கணித அறிஞர்கள் முன் நான்கு பரிமாண உருவங்களைப் பற்றி உரையாற்றினார். தந்தை தம் வளர்ப்பு முறையை ஊரறியச் சொன்னார். பத்திரிகைகள் பையனை விடாமல் துரத்தின. வளர்ந்த பிறகு அவர் வெளிச்சத்திலிருந்து ஒதுங்கி, சிறிய அலுவலக வேலைகளில் காலம் கழித்து, 1944-இல் இறந்தார். இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசிக் கேமரா இருக்கிறது. குழந்தையின் ஒவ்வொரு சொல்லும் ரீல்ஸாகும்போது, அது தன் ஆர்வத்துக்காகப் பேசுவதை விட்டுக் கைதட்டலுக்காகப் பேசப் பழகிவிடும். தயவுசெய்து அந்தக் கேமராவை அணைத்து வையுங்கள்.

பாராட்டும் முறையிலும் கவனம் வேண்டும். உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவாளி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களைத் தவிர்த்தார்கள்; உழைப்புக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் அவற்றைத் தேடிப் போனார்கள். "நீ கெட்டிக்காரி" என்பதைவிட "விடாம யோசிச்சியே, எப்படிக் கண்டுபிடிச்ச?" என்பது நல்ல பாராட்டு. விளையாட்டை எடுத்துவிட்டு டியூஷன் வைக்காதீர்கள். நூலகத்துக்கு அழைத்துப் போங்கள், மண்ணும் தண்ணீரும் கொடுங்கள், பெரிய பிள்ளைகளோடும் சம வயதினரோடும் ஆட விடுங்கள்.

என் வேண்டுகோள்

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் கீழ் இன்று தமிழ்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. மாதந்தோறும் குழந்தையின் எடையைப் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. அதனால்தான் மெலிந்த குழந்தை நம் கண்ணில் படுகிறது. அந்தப் பதிவேட்டோடு இன்னொரு பக்கம் சேர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்கிறேன். இந்த மாதம் இந்தக் குழந்தை என்ன கேட்டது, எதில் நெடுநேரம் மூழ்கியது என்ற இரண்டே கேள்விகள் அதில் இருந்தால் போதும். மதிப்பெண் வேண்டாம், தரவரிசை வேண்டாம். குழந்தை ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பக்கம் ஆசிரியரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அங்கன்வாடிச் சகோதரிகளே, உங்கள் வேலைச்சுமை எனக்குத் தெரியும். சமையல், எடை, தடுப்பூசி, கணக்கெடுப்பு, கைப்பேசிச் செயலியில் பதிவு என்று எல்லாமே உங்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே இந்த வேண்டுகோளை முதலில் அரசிடம் வைக்கிறேன்: கவனிக்க நேரம் கொடுங்கள், உதவிக்கு ஆள் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள். பெற்றோரிடம் கேட்பது அதைவிட எளியது. ஒரு நோட்டு வாங்குங்கள். பிள்ளை கேட்பதை அதன் சொற்களிலேயே, தேதியோடு எழுதிவையுங்கள். ஓராண்டு கழித்துப் படித்துப் பாருங்கள். எந்தச் சோதனையும் காட்டாத அளவுக்கு உங்கள் குழந்தையை அந்த நோட்டு உங்களுக்குக் காட்டும். மீத்திறன் இருந்தால் அதில் தெரியும். இல்லாவிட்டாலும் நட்டம் ஒன்றுமில்லை. தன் கேள்விக்கு மதிப்புள்ள வீட்டில் அந்தப் பிள்ளை வளர்ந்திருக்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் அதுதான்.